அப்பாவின் இடது கைப்பக்கம்

எங்கள் தொழிலில் யாரும் ஒரு கதவை இரண்டாம் முறை வரைவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். வீடுகளுக்கும் கடைகளுக்கும் கணினியில் கட்டட வரைபடம் போடுவது வேலை. கதவு, சன்னல், மாடிப்படி, கழிவறை என்று எதையாவது ஒருமுறை வரைந்து பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் அது ஒரு பிளாக். பிறகு எந்த வரைபடத்திலும் அதைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். பழைய கோப்பைத் திறக்கக்கூட வேண்டாம். திரையின் ஓரத்தில் அதன் பெயரைத் தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வரிசை கட்டி நிற்கும். வேண்டியதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பங்சாரில் ஒரு பல் மருத்துவருக்கு வரைந்த கை கழுவும் தொட்டி, சாலாக் செலாத்தானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் உட்காரும். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் எங்கள் முதலாளி கொடுக்கும் கெடுவைப் பார்த்ததில்லை.

அப்பாவின் குளியலறையையும் நான் அப்படித்தான் எடுத்தேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, இடது கையிலும் காலிலும் பழைய வலு இருந்தது. நடமாட்டம் சக்கர நாற்காலியில்தான். கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டில் அவரும் நானும்தான். அம்மா போய்ப் பல வருடமாகிவிட்டது. ஆகவே அவரை நான்தான் குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்றத் தொடங்கியதுமே கண்களை இறுக மூடிக்கொள்வார். சோப்பு பட்டுவிடும் என்பதற்காக அல்ல. பெற்ற மகள் முன்னால் அப்படி உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே சோப்புப் போடுவேன்.

உதவிக்கு ஓர் ஆளை வைத்துப் பார்த்தேன். அப்பா சீக்கிரமே அந்த ஆளை ஏசி அனுப்பிவிட்டார்.

"வேத்தாள் கை எனக்கு வேணாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் கையும் வேணாம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. கொமுட்டர் ரயிலில் இடிபட்டு வந்து இவருக்குச் செய்கிறேன், இவர் இப்படிப் பேசுகிறாரே என்று. ராத்திரி படுத்தபோது கோபம் போய்விட்டது. அந்த மனிதர் கேட்டது என்ன? கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிக்க வேண்டும், அவ்வளவுதான். என் வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது.

பின்பக்கக் குளியலறையை இடித்துக் கட்ட முடிவு செய்தேன். அலுவலகத்தின் பழைய கோப்புகளில் தேடியபோது ஒரு கிளினிக்குக்கு வரைந்தது கிடைத்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கான குளியலறை, முழுசாக ஒரே பிளாக்: உட்கார்ந்து குளிக்க ஒரு பலகை, ஷவர், பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அளவெல்லாம் விதிப்படி இருந்தது. இழுத்து எங்கள் வீட்டு வரைபடத்தில் போட்டேன். தண்ணீர்க் குழாய் வரும் சுவர் மட்டும் எங்கள் வீட்டில் எதிர்ப்பக்கம் இருந்தது.

எங்களுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. வரிசை வீடுகள் என்றால் நாங்கள் ஒரு வீட்டைத்தான் வரைவோம். அடுத்த வீடு அதன் கண்ணாடிப் பிம்பம். இரண்டு வீட்டுக் குளியலறைகளும் ஒரே சுவரில் முதுகு ஒட்டி நிற்கும், குழாய்ச் செலவு மிச்சம். மிரர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நடுவில் ஒரு கோடு காட்டினால் இடது வலதாகிவிடும். நாள் முழுக்க அதையே செய்து விரல் தானாகப் போகும். அன்றும் போனது. குழாய் சரியான சுவருக்கு வந்தது, கம்பியும் கூடவே வந்தது. அச்செடுத்துக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தேன்.

ஓடு ஒட்டி முடித்து, கம்பிக்குத் துளை போடும் நாளில், அப்பா தன்னை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கண்ணால் பார்க்காமல் எதையும் தூக்காத கிரேன்காரர் அல்லவா? பலகை வரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கதவைப் பார்த்து உட்கார வைத்தோம். கான்ட்ராக்டர் கம்பியைச் சுவரில் வைத்துக் காட்டினார். அப்பா அதையே பார்த்தார். பிறகு மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, கம்பிப் பக்கம் நீட்டி, விட்டார். அது தொப்பென்று மடியில் விழுந்தது.

"செத்த கைக்கு எதுக்கும்மா கம்பி?"

அந்தக் கைக்குத் தினமும் சோப்புப் போட்டவள் நான். வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்ததும் எனக்குக் குழாய்தான் தெரிந்திருக்கிறது.

"அந்தப் பக்கம் மாத்திடலாம் லா, அக்கா" என்றார் கான்ட்ராக்டர். மாற்ற முடியாது. அந்தப் பக்கம் சக்கர நாற்காலி நுழைய வேண்டிய வெற்றிடம். கம்பி மாட்டச் சுவரே இல்லை. நான் வரைபடத் தாளைத் தரையில் விரித்து, இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. மிரர் செய்தால் கை மாறிவிடும், சுழற்றினால் மாறாது. கிளினிக்கில் இருந்ததை அப்படியே பாதிச் சுற்று திருப்பினால் குழாய்ச் சுவர் அவருடைய இடது பக்கம் வந்துவிடும். முகம் மட்டும் கதவை விட்டு, பின்பக்கச் சந்து தெரியும் சன்னல் பக்கம் திரும்பும்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டோம்.

"யாரு அக்கா கதவுக்கு முதுகு காட்டிக் குளிப்பாங்க?" என்று கான்ட்ராக்டர் சிரித்தார்.

"கதவைப் பார்த்து எனக்கு என்ன ஆகணும்?" என்றார் அப்பா. "இதான் நல்லது. எவன் வந்தாலும் என் மூஞ்சி தெரியாது."

கான்ட்ராக்டரின் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினார். கை எட்டும் இடத்திலெல்லாம் இடது கையாலேயே கோடு போட்டார். கம்பிக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, குழாய்த் திருகுக்கு ஒன்று. கடைசியில் தோள் உயரத்தில் இன்னொன்று.

"இங்க ஒரு ஹூக் வேணும். கைலியோட வாயை ஒரு பக்கம் அது பிடிச்சுக்கும், மறுபக்கம் நான் பிடிச்சுக்குவேன். தலையை உள்ள விட்டுட்டு இழுத்தா வந்திரும்."

நான் வேலைக்குப் போன நேரத்தில், அலமாரிக் கைப்பிடியில் கைலியை மாட்டி அவர் அதைப் பழகிக்கொண்டிருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சுவரில் இருந்த கோடுகளை அளந்து எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன். ஹூக்கையும் சேர்த்து ஒரே பிளாக்காக்கி, "அப்பா" என்று பெயர் வைத்துச் சேமித்தேன். வேறு பெயர் தோன்றவில்லை.

அவர் தனியாகக் குளித்த முதல் நாள் நான் கதவுக்கு வெளியே நின்றேன். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரியான தாழ்ப்பாள்தான். அந்தக் காசைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். தண்ணீர் விழுந்தது. நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா?"

"கத்தாதம்மா. குளிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். வெளியே வந்தபோது கைலி கோணலாக இருந்தது, தலை சொட்டியது. என்னை நேராகப் பார்த்து, "டீ போடு" என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவர் என்னை அப்படி அதட்டியதே இல்லை. எனக்கு அது அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அவர் ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டார். அன்று காலையிலும் தானேதான் குளித்திருந்தார். எடுப்பதற்கு முன் முன்வாசலில் துணி மறைப்புக் கட்டி, வந்தவர்கள் எல்லாம் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கம் என்றார்கள் சொந்தக்காரர்கள். முடியாது என்று நின்றேன். சண்டை போட்டேன் என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் சித்தப்பாவும் இரண்டு ஆண்களும் அவரை அந்தக் குளியலறைக்கே தூக்கிப் போனார்கள். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு அந்த பிளாக்கை நான் தொடவில்லை. அழிக்கவும் இல்லை. அலுவலகக் கணினியில் பழைய கோப்புகளோடு அது பாட்டுக்குக் கிடந்தது. போன வருடம் என் பக்கத்து மேசைக்காரர் திரையைக் காட்டிக் கூப்பிட்டார். ஜெஞ்சாரோமில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கும் பக்கவாதம். குளியலறை என்று தேடிக்கொண்டே போனவருக்கு என் கோப்பு அகப்பட்டிருக்கிறது.

"நல்லா இருக்குக்கா இது. அப்படியே போட்டுட்டேன். ஆனா இந்த ஹூக் எதுக்கு? ஸ்டாண்டர்ட்ல இல்லையே. தூக்கிடவா?"

திரையில் அப்பா பென்சிலால் காட்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம்.

"தூக்காதீங்க" என்றேன். "முதல்ல போன் பண்ணி அந்த அம்மாவுக்கு எந்தக் கை நல்லா இருக்குன்னு கேளுங்க."

கேட்டார். வலது கை. அப்படியானால் மிரர் செய்ய வேண்டும். இந்த முறை அதுதான் சரி. அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். நடுவில் கோடு காட்டியதும் கம்பி, சோப்பு, குழாய், ஹூக் எல்லாம் அந்தப் பக்கம் போய் நின்றன. இடது வலதுதான் மாறியது, முகம் திரும்பவில்லை என்பதால், அந்த அம்மாவும் கதவுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது.

வேலை முடிந்ததும் சரிபார்க்க இருவரும் போனோம். வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அந்த அம்மா கைலியையும் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். உள்ளே போனார். "எல்லாரும் வெளிய இருங்க" என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டார். தண்ணீர் விழுந்தது. நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவருடைய மகன் பதறிக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறுங்க. கைலி மாத்துறாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். உள்ளே ஹூக்கில் துணி உரசும் சத்தம் கேட்டது.