மொட்டையாக இருக்க வேண்டிய தட்டு

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் தட்டக்கா. பாக்டீரியா வளர்வதற்கான அகர் கூழைக் காய்ச்சி, ஆன்டிபயாட்டிக் கலந்து, மூடி போட்ட தட்டுகளில் ஊற்றி உறையவைப்பது அவள் வேலை. படித்தவர்கள் ஒரு நொதியால் டிஎன்ஏவை வெட்டி, இன்னொரு நொதியால் அதை டிஎன்ஏ வளையம் ஒன்றில் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் புகுத்துவார்கள். அந்த வளையத்திலேயே ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணுவும் உண்டு. வளையம் கிடைத்த பாக்டீரியா அவள் தட்டில் பிழைக்கும், கிடைக்காதது செத்துப்போகும். சரிபார்க்க, வளையம் கொடுக்காத பாக்டீரியாவையும் ஒரு தட்டில் தடவுவார்கள். அது எதுவும் முளைக்காமல் மொட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று அதில் மஞ்சளாகச் சில புள்ளிகள்.

"மருந்து போட மறந்துட்டீங்களாக்கா?" என்றாள் ஆராய்ச்சி செய்யும் பெண்.

"சோத்துக்கு உப்பு போட மறந்தாலும் மறப்பேன், இதை மறப்பேனா?"

கோபத்தோடு புதிதாக ஊற்றினாள். மறுநாள் அதிலும் மஞ்சள்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "இது நம்ம பாக்டீரியாவே இல்லக்கா. யாரோ கையிலேருந்து வந்திருக்கு."

தட்டக்கா தன் வெறுங்கையைப் பார்த்தாள். வழுக்குகிறது என்று கையுறையைக் கழற்றிவிட்டு ஊற்றுவது அவள் கெட்ட பழக்கம். தினமும் காலையில் புருஷனின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருவதும் அந்தக் கைதான். இரண்டு மருந்துக்கு அந்தப் புண் மசியவில்லை. இப்போது சாப்பிடும் மூன்றாவதற்கும் கேட்கவில்லை என்றால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆய்வுக்கூடத்து மருந்துக்குப் பதிலாகப் புருஷனின் மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கூழில் கலந்து ஊற்றினாள். ஒரு பாதியில் ஆய்வுக்கூடத்து பாக்டீரியா, மறு பாதியில் அவர் கட்டுத்துணியின் ஈரம். இரண்டையும் தடவி வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தாள். இரண்டு பக்கமும் மொட்டையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துப் பாதி துடைத்துவிட்டது போல இருந்தது. மருந்து நல்ல மருந்துதான். மறு பாதியில் இடமே இல்லாமல் அதே மஞ்சள் மண்டிக் கிடந்தது.

வீட்டில் அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "இன்னிக்கு வலி கொஞ்சம் கம்மி. இது கேட்டுடும் போலிருக்கு."

அவள் அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். "கிளம்புங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? இன்னும் பாதி அட்டை மாத்திரை இருக்கே?"

"அது கேக்காதுங்க. நான் தட்டுல போட்டுப் பார்த்துட்டேன்."

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.