இனி நீங்க சொல்ல வேண்டாம்

என் கணவர் ஆட்டோ ஓட்டினார். கார்த்திகை தீபம் முடிந்து வெளியூர்க் கூட்டம் கலைந்துகொண்டிருந்த வாரத்தில், விடியற்காலை ரயிலுக்கு ஆள் ஏற்றப் போனவர் பைபாஸ் திருப்பத்தில் லாரி மோதி இறந்துபோனார். காரியமெல்லாம் கீழ்பென்னாத்தூரில் அவருடைய அண்ணன் வீட்டில் நடந்தது. முடிந்ததும் நானும் இரண்டு பெண்களும் திருவண்ணாமலைக்குத் திரும்பினோம். செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே எங்கள் வாடகை வீடு. பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் ஒன்றாம் வகுப்பு. நான் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகள் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

நான் அழவில்லை. "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று காரியத்தன்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது சரியாகத்தான் பட்டது. கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தேன். அடுப்பில் சாதம் தீய்வது தெரியும், வாசனை வரும். எழுந்து அணைக்க வேண்டும் என்றும் தெரியும். ஆனால் தெரிவதற்கும் எழுவதற்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று அறுந்துபோயிருந்தது. பெரியவள் ஓடிவந்து அணைப்பாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பகல் போய்விடும்.

பெரியவள் சமைத்தாள். தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தாள். பிறகு யூனிஃபார்மோடு அவளும் கிளம்பிப் போவாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போனது நான் வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸுக்கு. வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குகிற சீசன். ஆள் கிடைக்காமல் திணறிய மேனேஜர், "அம்மா வர்ற வரைக்கும் நீ செய்யேன்" என்று சொல்லியிருக்கிறார். யூனிஃபார்மை ஒரு பையில் மடித்து வைத்துவிட்டு, என் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, அவள் படுக்கை விரிப்புகளை உதறிப் போட்டிருக்கிறாள்.

குழந்தைகள் உதவி மையத்துக்கு யாரோ போன் செய்து சொன்னார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அதே சமயத்தில் வகுப்பு டீச்சரும் அவளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "ஏம்மா, பொண்ணு ரொம்ப நாளா ஸ்கூல் பக்கமே வரலியே. உடம்பு சரியில்லையா?" என்று வாசலில் நின்று கேட்டார். நான் அவரையே பார்த்தேன். அவர் கேட்டது புரிந்தது. அதிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் புரிந்தது.

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உதவி மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் பெரிய பை, வெயிலில் வந்து கறுத்த முகம், என்னைவிடச் சின்னவள். தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர் வந்து பெரியவளின் வேலையைப் பற்றி விசாரித்தார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வயதான ஓர் அதிகாரி வந்தார். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்தார். எங்கள் வார்டு மகளிர் குழுத் தலைவி வந்தாள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, முதலில் அதையே கேட்டார்கள்.

"வீட்டுக்காரர் எப்படிம்மா இறந்தாரு?"

நான் சொல்வேன். காலையில ஸ்டேஷனுக்குப் போனாரு. பைபாஸ்ல லாரி மோதிடுச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவுகிறவர் மாதிரி, அதே வார்த்தைகள், அதே வரிசை. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு துறை கேட்டதை இன்னொரு துறைக்குச் சொல்வதில்லை. அடுத்தவர் வரும்போது மறுபடி முதலிலிருந்து.

ஒருநாள் மத்தியானம் நர்ஸ் இரண்டாம் முறையாக வந்தார். கூடவே புதிதாக இன்னொரு நர்ஸ். உதவி மையத்துப் பெண் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். புது நர்ஸ் என்னிடம், "வீட்டுக்காரர் எப்படிமா..." என்று ஆரம்பித்தார். நான் வாய் திறப்பதற்குள் சின்னவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"காலையில ஸ்டேஷனுக்குப் போனாரு. பைபாஸ்ல லாரி மோதிடுச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

நான் எங்கே நிறுத்துவேனோ அங்கேயே நிறுத்தினாள். நான் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டாள். சொல்லி முடித்துவிட்டுப் பச்சைப் பென்சிலைத் தேடினாள்.

உதவி மையத்துப் பெண் பையை மூடினாள். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்தாள். குரல் உயர்ந்து கேட்டது. "இல்ல சார், இனிமே தனித்தனியா யாரும் வரக்கூடாது. எல்லாரும் ஒரே இடத்துல உக்காரணும். அந்தக் குழந்த மனப்பாடமா ஒப்பிக்குது சார்." எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, "அப்ப நானே எல்லாரையும் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை, பெரியவளின் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சுகளைச் சதுரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். உதவி மையத்துப் பெண், வகுப்பு டீச்சர், வயதான அதிகாரி, நர்ஸ், மகளிர் குழுத் தலைவி, அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மனநல டாக்டரம்மா ஒருவர். நான், என் இரண்டு பக்கமும் பெண்கள். சின்னவளை யாரோ மைதானத்துக்கு விளையாடக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா எங்களுக்குப் புதியவர். என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கம்மா" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அவங்க சொல்ல வேண்டாம் மேடம்" என்றாள் உதவி மையத்துப் பெண். பிறகு என்னிடம், "அக்கா, இனி நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். தப்பா சொன்னா மட்டும் திருத்துங்க."

அவள் சொன்னாள். என்னுடைய நான்கு வாக்கியங்களை அவள் சொல்லவில்லை. எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னாள். நான் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவேன், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என் கணவர்தான் என்றாள். அவர் போட்ட தோசை எப்போதும் ஓரத்தில் கருகியிருக்கும் என்று சொன்னாள். இதெல்லாம் பெரியவள் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வேறு யாருடைய கணவரையோ பற்றிக் கேட்பது மாதிரி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐயோ பாவம் என்றுகூடத் தோன்றியது.

"பெரிய பொண்ணுக்கு தினமும் அவர்தான் தலை பின்னி விடுவாராம்" என்றாள்.

"பெரியவளுக்கு இல்ல" என்றேன். என் குரல் அந்த அறைக்கு ரொம்பச் சத்தமாக இருந்தது. "சின்னவளுக்கு. பெரியவ தொட விடமாட்டா. சின்னவளுக்குத்தான் பின்னுவாரு. கோணலா இருக்கும். நான் சாயங்காலம் வந்து அவுத்துப் பின்னுவேன்."

"சரிக்கா" என்றாள். தொடர்ந்து, "அவர் இறந்துட்டாரு" என்றாள்.

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றுவரை யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஆடியது. பெரியவள் என் தொடை மேல் கையை வைத்து அழுத்தினாள். அழுகை வரவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் வாக்குவாதம். அம்மா தேறும் வரை இரண்டு பெண்களையும் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதுதான் பாதுகாப்பு என்றார் அதிகாரி. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பாவும் இல்ல, இப்ப அம்மாவும் இல்லன்னு ஆயிடும் சார்." மகளிர் குழுத் தலைவி, "நாங்க இத்தினி பேரு தெருவுல இருக்கோமே, எங்கள யாரும் கேக்கலியே" என்றாள். எனக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஜன்னலுக்கு வெளியே நடப்பது மாதிரி இருந்தது. பெண்களைக் கொண்டுபோனால் வீடு அமைதியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து போனது.

டாக்டரம்மா பெரியவளைப் பார்த்து, "நீ என்னம்மா நினைக்கற?" என்றார்.

அவள் எழுந்து நின்றாள், வகுப்பில் பதில் சொல்வது போல. "என்னை எங்க வேணா சேத்துடுங்க மேடம். பாப்பாவ மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. அம்மா தூக்கத்துல பாப்பாவத்தான் பிடிச்சிக்கிறாங்க. விட்டா எழுந்து தேடறாங்க. காலையில அவங்களுக்கே தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "சரி, யார் யார் என்ன செய்வீங்கன்னு இப்பவே சொல்லுங்க. சொல்லிட்டு மாறக்கூடாது" என்றார்.

ஒருவரும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. குழுவிலிருந்து காலையில் ஒருத்தி வந்து சின்னவளைக் கிளப்பிவிடுவதாகப் பேச்சு. சில நாள் வரமாட்டார்கள். பெரியவளுக்கு விட்டுப்போன பாடங்களை டீச்சர் மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கெஸ்ட் ஹவுஸ் மேனேஜரைத் தொழிலாளர் துறைக்காரர் எச்சரித்ததில் அவருக்கு என்மேல் வருத்தம். "பாவம்னு பாத்தேன், எனக்கே ஆப்பு வெச்சுட்டீங்க" என்று பிறகு சொன்னார். பெண்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது உதவி மையத்துப் பெண்ணின் பொறுப்பு. அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவும் இல்லை. "நடக்கலாமாக்கா?" என்றாள். கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக நடந்தோம். அத்தனை ஜனமும் எங்களை நோக்கி வந்தது. நெரிசலில் என் செருப்பு ஒன்று பிய்ந்து போனதால் இரண்டையும் விட்டுவிட்டேன். ஒரு நிழலும் இல்லாத இடத்தில் சட்டென்று நின்றேன்.

"என்னாச்சுக்கா?"

"கால் சுடுது" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் வெறுங்காலோடு போகிறார்கள். எல்லோருக்கும்தான் சுடுகிறது. நான் சிரித்தேனா என்று நினைவில்லை. ஓரமாக இருந்த ஒரு தண்ணீர்ப் பந்தலில் அவள் என் பாதத்தின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அது ஜில்லென்று இருந்தது. அன்று டாக்டரம்மா, "எப்படி இருக்கு?" என்றபோது கால் சுட்டதைச் சொன்னேன். அவர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

ஆடி மாதம் வேலைக்குத் திரும்பினேன். அந்த மேனேஜரிடம் இல்லை, வேறொரு இடத்தில், சமையலறையில். அடுத்த வருஷம் பெரியவள் பத்தாம் வகுப்பு தேறினாள். பெரிய மார்க் இல்லை. இப்போது வேலூரில் லேப் டெக்னீஷியன் படிக்கிறாள். சனிக்கிழமை வந்தால் தூங்கியே கழிக்கிறாள், நான் எழுப்புவதில்லை. சின்னவள் வாயாடி. உதவி மையத்துப் பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தாள். டீ குடித்தோம்.

மாத்திரை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இன்னும் சில காலைகளில் அது வருகிறது. கண் விழித்ததும் தெரிந்துவிடும், கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல. அழுகையோ துக்கமோ இல்லை, அவை வந்தாலாவது பரவாயில்லை. போன வாரம் ஒருநாள் அப்படி இருந்தது. எதிர்வீட்டில் இருக்கும் குழுத் தலைவிக்குப் போன் செய்து, "இன்னைக்கு எனக்கு அப்படி இருக்குக்கா" என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. "சரி, நான் வந்து பாப்பாவுக்கு இட்லி குடுத்து ஸ்கூலுக்கு அனுப்பறேன். நீ படு" என்றாள்.

எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்து வைத்தேன். வந்து படுத்துக்கொண்டேன்.