கூப்பனுக்குப் பின்னால் இருந்த முடிவு

மின்சார ரயிலில் எதிரே இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஆபீஸ் அட்டை, கையில் நைந்துபோன காமிக்ஸ். தாம்பரத்தில் ஏறியதிலிருந்து பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் அதை நீட்டிக்கொண்டிருந்தார். எரிச்சலாக இருந்தது. என்னிடமும் நீட்டினார்.

“சார், இத படிச்சிருக்கீங்களா? இதுல வர்ற ஹீரோ குடையாலயே சண்ட போடுவான், ஆனா மழைன்னா பயம். கடைசில கிணத்துல விழுந்துட்டான். அப்புறம் இன்னா ஆச்சுன்னு தெரியல.”

கடைசிப் பக்கத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அவனுடைய அடுத்த சாகசத்துக்கான கூப்பனை யாரோ கத்தரித்துக் காசோடு அனுப்பியிருக்கிறார்கள். கதையின் முடிவு அந்தக் கூப்பனின் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. எந்த முட்டாள் இப்படி அச்சடித்தானோ!

“செத்திருப்பான், விடுங்க சார்.”

அவர் சிரித்தார். “செத்தவனுக்கு அடுத்த சாகசம் ஏது சார்?”

கிண்டியில் இறங்கிப் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே அதே புத்தகத்தைப் பார்த்தேன். ஆசையாகப் புரட்டினேன். அதிலும் கூப்பன் இல்லை. விட்டெறியத்தான் தோன்றியது. ஆனால் வாங்கிக்கொண்டேன். அந்தக் குடைக்காரன் பிழைத்துவிட்டான் என்று இன்னொரு ஆளும் நம்பிக் காசு கட்டியிருக்கிறானே. இதை அந்த மனிதரிடம் காட்டியாக வேண்டும். இப்போது ரயிலில் நானும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.