சட்டை என்ன கலர்?

என் அத்தான் வக்கீல். கோர்ட்டில் அவருக்கு ‘டேப்பு’ என்று பெயர். சாட்சிக் கூண்டில் யார் ஏறினாலும், “எத்தனை அடி தூரத்துல நின்னீங்க?” என்று ஆரம்பிப்பதால் சக வக்கீல்கள் வைத்த பெயர். வெளியே கோபப்படுவதுபோல் காட்டிக்கொள்வார். உள்ளுக்குள் ஏகப் பெருமை.

வீட்டில் அவருக்கு இன்னொரு வேலை உண்டு, செய்தித்தாளோடு சண்டை போடுவது. காலையில் கறுப்புக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, கழுத்துப் பட்டையைக் கட்டியும் கட்டாமலும் பேப்பரை விரித்தாரென்றால் ஒருவரும் தப்ப முடியாது. மந்திரி, மேயர், பெட்ரோல் விலை, போட்ட மறுநாளே தோண்டுகிற சாலை, எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். நான் அக்கா வீட்டு மாடி அறையில் தங்கி வேலைக்குப் போகிறவள். காபி ஓசியில் கிடைப்பதால் ‘உம்’ கொட்டுவது என் கடமை. அக்கா ‘உம்’ கூடக் கொட்ட மாட்டாள்.

அந்த வாரம் முழுக்க ஒரே செய்திதான். மார்க்கெட் சிக்னலில் ஒரு கார், பார்சல் கொண்டுபோன ஆளை பைக்கோடு தூக்கி எறிந்துவிட்டது. ஆள் காலில் கம்பியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கார்க்காரரோ, அந்த ஆள்தான் சிவப்பு விளக்கை மதிக்காமல் குறுக்கே வந்தார் என்று சாதித்தார். அங்கிருந்த கேமரா வழக்கம்போல வேலை செய்யவில்லை. பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று போலீஸ் கேட்டும் ஒருவரும் போகவில்லை. இப்படியே விட்டால் பழி முழுக்கப் படுத்துக்கிடப்பவர் தலையில்தான் விழும்.

“மார்க்கெட்ல ஊரே நின்னிருக்கு. போன்ல படம் எடுக்கத் தெரியுது, வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லத் தெரியல. வெக்கமா இல்ல? இவங்கல்லாம் மனுஷங்களா?” என்று அத்தான் தினமும் மேசையைத் தட்டினார். 

மூன்றாம் நாளும் அதே பாட்டு. அக்கா தட்டை டொக்கென்று வைத்தாள்.

“நான் பாத்தேன்.”

“என்னத்த?”

“அந்த ஆக்சிடென்ட்ட. காய் வாங்கிட்டு நின்னேன். பைக்குக்குப் பச்சைதான் விழுந்திருந்துச்சு. கார்தான் நிக்காம வந்துச்சு.”

அத்தானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “வக்கீல் பொண்டாட்டி நீ! இத்தனை நாள் வாயைத் திறக்காம இருந்திருக்கியே?”

“வக்கீல் பொண்டாட்டிங்கறதாலதான் திறக்கல.”

பிறகு அவள் சொன்னதைக் கேட்டு எனக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. போன மாதம் அத்தான் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனார். அதைக் கொடுக்கப் போன அக்கா, கோர்ட்டில் கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள். குடோன் வாசலில் ஒரு லாரி ஹாரன் அடிக்காமல் பின்னால் வந்து சுமைதூக்கும் ஆளின் இடுப்பை நசுக்கிய வழக்கு. அத்தான் லாரி முதலாளியின் வக்கீல். எதிர்ப்பக்கத்துக்கு இருந்த ஒரே சாட்சி, வாசலில் வண்டி போட்டுப் பழம் விற்கும் அம்மாள்.

எத்தனை அடி தூரம், தராசு எந்தக் கையில், கண் ரோட்டில் இருந்ததா பழத்தில் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்த அத்தான், அடிபட்டவர் சட்டை என்ன கலர் என்றாராம். நீலம் என்றிருக்கிறார் அந்த அம்மாள். “நல்லா யோசிச்சு சொல்லுங்க, வெள்ளை இல்லையே?” வெள்ளையாகவும் இருக்கலாம் என்றிருக்கிறார். “அப்போ நீலம் இல்ல?” ஹாலே சிரித்ததாம். “நான் பொய் சொல்லல சார்” என்று கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுதாராம் அந்த அம்மாள். சில நாளில் கேஸும் தள்ளுபடி.

அந்த அம்மாள் கூண்டேறிய அன்று சாயங்காலம் அத்தான் ஐஸ்கிரீம் வாங்கி வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ‘வெள்ளையாவும் இருக்கலாம் சார்’ என்று அந்த அம்மாள் மாதிரியே பேசிக் காட்டினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா மட்டும் பல் கூசுகிறது என்று கப்பைத் தொடவில்லை.

“அது என் தொழில்” என்றார் அத்தான். குரலில் சுருதி இறங்கிவிட்டது.

“தொழில்தான். இந்த கார்க்காரருக்கும் ஒரு வக்கீல் வருவார். அவரும் தொழிலைத்தான் பண்ணுவார். எனக்கு பயமா இருக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் தானாகவே வந்து, சாட்சி சொல்லப் பழக்கிவிடுகிறேன், பிறகு ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். சாப்பாட்டு மேசை நாற்காலிதான் கூண்டு. நான் ஜட்ஜ். தாலாட்டுகிற குரலில் இரண்டு கேள்வி கேட்டார். அக்கா கையை நீட்டி நிறுத்தினாள்.

“இப்படி இல்ல. அந்த அம்மாகிட்ட கேட்ட மாதிரி கேளுங்க.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, கேளுங்கள் என்று தலையாட்டினேன்.

“எத்தனை அடி தூரத்துல நின்னீங்க?”

“ஒரு... முப்பதடி இருக்கும்.”

“இந்த ஹால் எத்தனை அடி?”

அக்கா விழித்தாள். “தெரியாது.”

“குடியிருக்கிற வீட்டு ஹால் எத்தனை அடின்னு தெரியாது. நடுரோட்டுல முப்பதடி மட்டும் தெரியும். சரி. கார் என்ன கலர்?”

“வெள்ளை.”

“சாம்பல் இல்லையே? யோசிச்சு சொல்லுங்க.”

“வெள்ளை மாதிரிதான்... வெயில் அடிச்சுது...”

“மாதிரி! அப்போ கண்ணு கூசுச்சு?”

“லேசா.”

“கண்ணு கூசுது, கண்ணு முன்னால வந்த காரோட கலர் தெரியல. அத்தனை உயரத்துல இருந்த விளக்கு மட்டும் பச்சைன்னு தெரிஞ்சுச்சு. அப்படித்தானே?”

“இல்லங்க, பச்சைதான்... எனக்கு... தெரியல.”

“அவ்வளவுதான், யுவர் ஆனர்” என்று அத்தான் என் பக்கம் திரும்பினார். பழக்கதோஷம். கழுத்தில் இல்லாத பட்டையைக் கைகூடச் சரிசெய்தது.

“நான் பொய் சொல்லலங்க” என்றாள் அக்கா. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் முகம் செத்துப்போனது. எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “எனக்குத் தெரியும்மா. நீ பொய் சொல்லல.”

“அந்த அம்மாவும் சொல்லல, இல்ல?”

எப்போதும் வாய் கிழியப் பேசுகிற மனிதர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தும் பிரித்தும் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த ஐஸ்கிரீமை நினைத்து என்மேலும் கோபம் வந்தது.

பிறகு மெல்லச் சொன்னார். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. கலர் ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்லதான். அது தப்பே இல்ல. பாத்ததை மட்டும் சொல்லு, பாக்காததுக்கு பதில் சொல்லாத. நாங்க ஜெயிக்கிறதே, கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லியாகணும்னு நீங்க நினைக்கிறதாலதான்.”

மறுநாள் மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் காரின் நிறத்தைக் கேட்டார். “வெள்ளையா சாம்பலான்னு உறுதியா தெரியாது. அது சிவப்பு விளக்குல நிக்காம வந்தது தெரியும்” என்றாள் அக்கா. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவள் நடையே மாறியிருந்தது.

அத்தான் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. குடோன் தெருவுக்கு நடந்தார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. பழவண்டிக்கு முன்னால் போய் நின்றார். ஆரஞ்சு ஒன்றை எடுத்தார், வைத்தார்.

அந்த அம்மாள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவசர அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, கூண்டில் நிற்பவர்போல் நிமிர்ந்து நின்றார்.

“சார், நீலந்தான் சார். வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். அவர் சட்டை நீலந்தான். மறுபடி கூப்பிட்டாங்கன்னா சரியா சொல்லிடுவேன் சார்.”

அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளை.

“நீலந்தாம்மா. கேஸ் கட்டுலயே இருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபப்படவில்லை. விஷயம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலத்தான் கேட்டார்.

“தெரிஞ்சுதானா சார் என்னை அப்படிக் கேட்டீங்க?”