பாடி எர்த்

அவனை எனக்குப் பிடிக்காது. இத்தனை வருஷத்தில் ஆறியிருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை.

2009. சிதம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு. ப்ராஜெக்ட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது பெண்ணாடத்துக்காரன் ஒருவனோடு என்னைக் கோத்துவிட்டார்கள். ஒரு சின்ன ரோபோ வண்டி செய்ய வேண்டும். அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. ப்ராஜெக்ட் தேறினால்தான் அந்த வேலை. அதை ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்வான். வண்டியை இயக்கும் கன்ட்ரோலர் போர்டு எங்கள் துறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் அவன். என்னைத் தொடவிட மாட்டான்.

போர்டோடு வந்த மோட்டார்களை முந்தைய வருஷத்துப் பையன்கள் எரித்துவிட்டிருந்தார்கள். வேறு மோட்டார் தேடுவது என் தலையில் விழுந்தது. எங்கள் வீடு கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம். அங்கே பழைய இரும்புக் கடையில், உடைத்துப் போட்ட வேன்களிலிருந்து ஒரே மாதிரி இரண்டு வைப்பர் மோட்டார்களைக் கழற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவன் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். "மீன் வண்டி மோட்டாராடா? நாறுது." லேபில் இருந்த ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் நீட்டினான். "மோந்து பாரு மச்சான், முதுநகர் சென்ட்டு." எல்லோரும் சிரித்தார்கள். அதில் கிரீஸ் வாடை மட்டும்தான் அடித்தது. இப்படி எவனாவது சொல்வான் என்று பயந்து நான் வீட்டிலேயே மோந்து பார்த்திருந்தேன்.

அவன் தன் மாமா பட்டறையில் வெட்டிக் கொண்டுவந்த இரும்புத் தகட்டில் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக போல்ட் போட்டு முடுக்கினான். மறுநாள் அவன் சாப்பிடப் போன நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மோட்டாரிலும் இரண்டு வயர். அதில் ஒன்று உள்ளுக்குள்ளேயே மோட்டார் கூட்டோடு சேர்ந்திருந்தது. மெக்கானிக்குகள் பாடி எர்த் என்பார்கள். வேனில் இருந்தவரை அதனால் தொந்தரவில்லை. எங்கள் வண்டியில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்திருப்பதால், நேரே போக ஒரு மோட்டார் வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்ற வேண்டும். அப்போது ஒரு கூடு பிளஸ், மற்றது மைனஸ். இரண்டும் அந்தத் தகடு வழியாகச் சேரும். ஷார்ட் ஆகி போர்டு போய்விடும்.

சைக்கிள் டியூபை வெட்டி மோட்டாருக்கும் தகட்டுக்கும் இடையில் வைத்து, போல்ட்டுகளுக்கு பிளாஸ்டிக் வாஷர் போட்டால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை. சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் வந்துவிட்டவன் என் கையில் மீட்டரைப் பார்த்தான்.

"அத வச்சிடு. ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? போயி டீ வாங்கியா."

வாங்கி வந்தேன். சொல்லவில்லை.

அவன் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றவிட்டுப் பார்த்தான். சுற்றின. இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்காமலே தேர்வு நாள் வந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வண்டியைத் தரையில் வைத்து, "நேரா போவச் சொல்லுங்க" என்றார். அவன் பொத்தானை அழுத்தினான். வண்டி ஒரு விரற்கடை நகர்வதற்குள் போர்டு புகைந்தது. கருகிய வாசம் லேப் முழுக்கப் பரவியது. எனக்கு மனசு குளிர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

"மோட்டார் கனெக்‌ஷன் யாருப்பா குடுத்தது?" என்றார் லேப் பொறுப்பாளர்.

என்னை மாட்டிவிடுவான் என்று காத்திருந்தேன். மீன் மோட்டார் என்று அவன் ஆரம்பித்தால், தப்பு எங்கே இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னாலும் விளக்க வேண்டும். அந்தப் பேச்சை வரி வரியாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவனுக்கு ஒன்னும் தெரியாது சார். வயரு புடிக்கவே வராது. பூரா நான்தான் பண்ணேன்."

வாயைத் திறந்தால், தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள். திறக்கவில்லை. அவனை ஃபெயிலாக்கினார்கள், வேலை போயிற்று. ஒன்றும் தெரியாத பையன், பாவம் என்று என்னிடம் புத்தகத்திலிருந்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டு பாஸ் போட்டார்கள்.

அவன் இப்போதும் நண்பர்களிடம் தன் வயரிங் சொதப்பியதால் வேலை போன கதையைச் சொல்கிறானாம். அந்தக் கதையில் என் பெயரே வருவதில்லையாம்.