காதிம் என்று கூப்பிட்டேன்

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், தேவாலய மண்டபம் ஒன்றில், சனிக்கிழமைகளில் அகதிகளுக்குச் சூப்பும் உடுப்பும் கொடுப்போம். ஒரு காலத்தில் நானும் அப்படி வரிசையில் நின்றவள். அதனால் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சூடான் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணை, அவளுடைய நாட்டு ஆண்கள் சிலர் “காதிம்” என்று கூப்பிட்டார்கள். நானும் மாதக்கணக்காக அப்படியே கூப்பிட்டேன். கூப்பிட்டவுடன் ஓடி வருவாள்.

ஒருநாள், மொழிபெயர்க்கப் புதிதாக வந்த பெண் அவளோடு நெடுநேரம் கதைத்துவிட்டு என்னிடம் வந்தாள். காதிம் என்பது பெயரே இல்லையாம். அடிமைப்பெண் என்று அர்த்தமாம். ஆயுதக்குழு ஒன்று அவளைப் பிடித்துப்போய் ஒரு வீட்டில் அடிமையாக வைத்திருந்தபோது, அங்கே அப்படித்தான் கூப்பிட்டார்களாம். இங்கே இந்த ஆண்களுக்கு அது சொல்லிச் சிரிக்க ஒரு பகிடி.

மாதக்கணக்காக நானும் அப்படித்தானே கூப்பிட்டேன் என்று புலம்பினேன். கூட வேலை செய்யும் செல்வியக்கா, “பேர் எண்டு நினைச்சுத்தானேயடி கூப்பிட்டனி, விடு” என்றார்.

மொழிபெயர்க்க வந்தவளைக் கொண்டு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, பெயரைக் கேட்டேன்.

“ஹவா” என்றாள், மெல்ல.

அடுத்த சனிக்கிழமை, சூப்பை ஊற்றிவிட்டு “ஹவா” என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. உரத்துக் கூப்பிட்டேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல் நின்றாள். வரிசையில் நின்ற ஒருவன் சிரித்துக்கொண்டே “காதிம்!” என்றான். உடனே ஓடி வந்து என் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அந்தச் சொல்லுக்கு ஓடி வர அவளைப் பழக்கியது அந்த வீடு. அதை அவள் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டது நான்.