அஞ்சம்மாள் வாங்க மறுத்த சோறு

ஒலக்கூருக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் எண்பது வீடுகளுக்குத் துணி வெளுத்தவர் அஞ்சம்மாள். எழுதப் படிக்கத் தெரியாது. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காகச் சேங்கொட்டைப் பாலால் ஓரத்தில் புள்ளி இடுவது வழக்கம். அவருக்கு அந்தப் புள்ளியும் தேவைப்படவில்லை. யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் பிள்ளைப்பேறு என்பதெல்லாம் மூட்டையை அவிழ்க்கும்போதே தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்லமாட்டார். இதைப் பெருங்குணம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஊரை அண்டிப் பிழைப்பவர்களுக்கு அச்சமும் இந்த அடக்கத்தைக் கற்றுத்தரும்.

1957ஆம் ஆண்டு, தை மாதம். நிலபுலன் உள்ள தாண்டவராயன் வீட்டு மூட்டையில் வாரந்தோறும் இரண்டு வெள்ளைப் புடவைகள் இருக்கும். அவருடைய பெரியப்பா மனைவி கெங்கம்மாளின் புடவைகள் அவை. குழந்தை இல்லாத விதவை. தாயில்லாத தாண்டவராயனைத் தூக்கி வளர்த்தவர். அந்தப் புடவைகள் மூன்று வாரமாக வரவில்லை. அஞ்சம்மாள் கேட்டார்.

"விழுப்புரத்துக்குப் போயிருக்காங்க, சொந்தக்காரங்க வூட்டுக்கு" என்றார் தாண்டவராயனின் மனைவி காந்திமதி.

நான்காம் வாரம் ஒரு புடவை வந்தது. முதுகுப் பக்கம் முழுக்கச் சாணிக் கறை, வைக்கோல் தூசு. முந்தானை கயிறுபோல முறுக்கேறி, நுனியில் முடிச்சு போட்ட தடத்தோடு இருந்தது. அஞ்சம்மாள் உவர்மண்ணில் ஊறவைத்தார், வெள்ளாவியில் வைத்தார், கல்லில் அடித்தார். கறை போயிற்று. முறுக்கு போகவில்லை. பல நாள் ஒரே இடத்தில் இழுபட்ட துணிதான் அப்படி ஆகும். மாட்டுக்கொட்டகைக் கம்பத்தையும் அதில் கட்டப்பட்ட மெலிந்த கையையும் அவர் அந்த முறுக்கில் கண்டார்.

கணவர் கண்ணையனிடம் சொன்னார். அவர் எரிந்து விழுந்தார்.

"வாய மூடிக்கினு கெட. அழுக்கு எடுக்கறதுதான் நம்ம வேல, ஆராய்ச்சி பண்றதா? அந்த வூட்டப் பகைச்சிக்கினா களத்துல ஒரு மரக்கா நெல்லு வராது. அப்புறம் கழுதகூட சேந்து புல்லு மேய வேண்டியதுதான்."

"நீ மேயி. நீதான் அதுக்குத் தோது" என்றார் அஞ்சம்மாள்.

அவர் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. பஞ்சாயத்துக்கும் போகவில்லை. போயிருந்தால் அவருடைய சொல்லை யார் எடுத்திருப்பார்கள்? துணி வெளுப்பவர் விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவது ஊர் வழக்கம். அது பிச்சை இல்லை, வேலைக்கு உரிய பாத்தியம். அன்று தாண்டவராயன் வீட்டு வாசலில் காந்திமதி கேப்பைக் களியோடு வந்தபோது, அஞ்சம்மாள் குண்டானை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"பெரியம்மா கையால போடச் சொல்லுங்க. வாங்கிக்கிறேன்."

"அவங்கதான் ஊர்ல இல்லன்னு சொன்னேனே?"

"வந்ததும் வாங்கிக்கிறேங்க."

மறுநாளும் வந்தார், அதையே சொன்னார், வெறுங்குண்டானோடு போனார். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "ஏண்டி அஞ்சம்மா, அந்த வூட்டுக் களி கசக்குதா?" என்று ஒருத்தி கேலி பேசினாள். "போடற கை மாறிப் போச்சும்மா" என்று மட்டும் சொன்னார் அஞ்சம்மாள்.

ஐந்தாம் நாள் தாண்டவராயனே வெளியே வந்தார்.

"என்னா பேஜாரு பண்ணிக்கினு இருக்க? நாளையிலேருந்து துணி எடுக்க வராத. திண்டிவனத்துல லாண்டரி கீது."

"சரிங்க ஐயா. துணிக்கு வரல. சோத்துக்கு மட்டும் வர்றேன்."

தெருவே சிரித்தது. தாண்டவராயன் சிரிக்கவில்லை. அஞ்சம்மாளும் சிரிக்கவில்லை. ஒரு வீடு தள்ளினால் மற்ற வீடுகளும் தள்ளும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். தெரிந்தும் அவர் மறுநாள் அதே வாசலில் நின்றார். நன்மை தீமை பற்றி எவ்வளவோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தன்னிடம் இருந்த ஒரே உரிமையை, வாங்கிக்கொள்ளும் உரிமையை, ஒருவர் இப்படிப் பயன்படுத்த முடியும் என்று அவற்றில் நான் படித்ததில்லை.

எட்டாம் நாள் காந்திமதி பெரியம்மாவை வாசலுக்கு அழைத்துவந்தார். குளிப்பாட்டி, தலை வாரி, வேறு வெள்ளைப் புடவை உடுத்தியிருந்தார்கள். கெங்கம்மாளுக்கு நடை தள்ளாடியது. குண்டானை நீட்டிய அஞ்சம்மாள் அவருடைய மணிக்கட்டுகளைப் பார்த்தார். இரண்டிலும் கன்றிய வளையம்.

"யாருடி நீ?" என்றார் கெங்கம்மாள்.

"துணி வெளுக்கிற அஞ்சம்மாங்க."

"சாப்ட்டியா?"

கெங்கம்மாள் போட்ட களியில் பாதி தரையில் விழுந்தது. அஞ்சம்மாள் அதையும் பொறுக்கிக் குண்டானில் போட்டுக்கொண்டார்.

காந்திமதி உடைந்தார். "நான் இன்னா பண்ணட்டும்? புத்தி தடுமாறிப்போச்சு. கண்ணு அசந்தா ஏரிக்கு எறங்கிடறாங்க. ரெண்டு வாட்டி கழுத்தளவு தண்ணியிலேருந்து தூக்கியாந்தோம். ஒரு நாள்தான் கட்டினோம். அப்புறம்..."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்குள் ஒரு மாதக் கொட்டகை இருந்தது. பயந்து ஒரு நாள் கட்டியது, வசதியாக இருந்ததால் மறுநாளும் தொடர்ந்தது. அஞ்சம்மாள் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஏரிக்குத்தானே போறாங்க? விடிஞ்சா நான் அங்கதான கெடக்கிறேன். என்கூட அனுப்பிவுடுங்க."

உழுதுண்ணும் குடும்பத்துப் பெரிய மனுஷி சலவைத்துறையில் போய் உட்காருவதா என்று ஊரில் பேச்சு கிளம்பியது. தாண்டவராயன் இரண்டு நாள் பெரியம்மாவை அனுப்பவில்லை. மூன்றாம் நாள் காலை, பெரியம்மாவின் கையைப் பிடித்து அவரே தெருமுனை வரை கொண்டுவந்துவிட்டார். துணி மூட்டையும் கூடவே வந்தது.

அதன் பிறகு ஆறு ஆண்டுகள், மழை நாள் தவிர, கழுதைக்குப் பின்னால் கெங்கம்மாள் நடந்தார். புங்கமர நிழலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சில நாள் எழுந்து கரைக்கு இறங்குவார். அஞ்சம்மாள் கையிலிருந்த துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டுத் தானும் இறங்குவார். முழங்கால் அளவு நீரில் இருவரும் சற்று நேரம் நிற்பார்கள். பிறகு கரையேறி வருவார்கள்.